காட்டிக் குடுத்தா போதும்

லுணுகலை பஸ்ஸில் என் முன் இருக்கையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயும், பதுளையில் கம்ப்யூட்டர் படிக்கும் அவள் மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அம்மா, நாளைக்கு உங்க கை வேணும்.”

“கையா? எதுக்குடி?”

“எது கொழுந்து, எது முத்துன எலைன்னு மெஷினுக்குக் கத்துக் குடுக்கணும். நீங்க பறிங்க, நான் போட்டோ எடுக்குறேன். காட்டிக் குடுத்தா போதும்.”

“கத்துக்கிட்டா அது என்னா செய்யும்?”

“அதுவே பறிக்கும்.”

“அப்ப தோட்டத்து லயத்து வீட்டுல இருக்குற நாங்கல்லாம்?”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “எனக்கு வேலை கெடைக்கும்மா.”

தாய் கறை படிந்த விரல்களைப் பார்த்தாள்.

“யாரைடி காட்டிக் குடுக்கச் சொல்ற?”

இறங்கும் இடம் வந்ததும் தாய் எழுந்தாள்.

“நாளைக்கு வெயில் ஏறுனதும் மலைக்கு வா. பனியில படம் சரியா விழாது.”