துவக்குக்காரனுக்கு வாள் எதுக்கு?

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஏறாவூர்க்காரர். மற்றவர் பழுகாமத்து விவசாயி. ராணுவத்தில் துப்பாக்கியோடு ஒரு குட்டை வாளும் வைத்திருந்ததாக முதலாமவர் சொல்ல, விவசாயி அண்ணன் முறையில் ‘காக்கா’ போட்டுக் கேட்டார்.

“துவக்கு இரிக்கக்குள்ள குட்டை வாள் எதுக்கு, காக்கா? ஆரையும் வெட்டினீங்களா?”

“ஒருத்தரையும் வெட்டல்ல, தம்பி. ஆனா வெள்ளத்துக்க அதுதான் உதவின. உங்கட ஊர் வயல் வட்டைப் பக்கம் தோணியில போனம். கட்டிக்கிடந்த எருமையெல்லாம் கழுத்தளவு தண்ணிக்குள்ள நிக்கிது. துவக்கால என்ன செய்யிற? வாளால கயித்தையெல்லாம் வெட்டி உட்டன். பதினாறும் நீந்திக் கரையேறிட்டு.”

விவசாயி எழுந்தே விட்டார்.

“பதினாறா? அது எங்கட மாடு, காக்கா! கயிறெல்லாம் வெட்டுப்பட்டிருக்கக் கண்டு, மாடெல்லாம் திரும்பி வர முதல், மாட்டுக்கள்ளன் எண்டு பொலிசில என்ட்ரி போட்டனே!”

பஸ்ஸே சிரித்தது. வழியில் குருக்கள்மடத்தில் இறங்க வேண்டிய விவசாயி, காக்காவின் கையைப் பிடித்தபடி கல்முனை வரைக்கும் வந்தார்.