விடுதி வைஃபையும் வக்கீல் கையொப்பமும்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அம்மையார் செபாஸ்தியம்மாள் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்த களைப்போடும் பஞ்சுத் தூசி படிந்த கூந்தலோடும் வந்து நிறைந்திருக்கும் தாய்மார்களே, நூற்பாலைத் தோழியரே, திண்டுக்கல் பெருமக்களே! வழக்கறிஞர் ஐரின் உங்களை வணங்குகிறேன்.

இணையத்தில் நம் பேச்சைக் காப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தங்கை சுகன்யாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான், அதோ, முன்வரிசையில் இருக்கிறார்.

அகரத்திலிருந்து நூற்பாலை வேலைக்குப் போய், ஆலை விடுதியில் தங்கியவர் சுகன்யா. மேற்பார்வையாளர் ஒருவர் வரம்பு மீறிக் கை வைத்தார். சுகன்யா எனக்கு எழுதினார். எதில் எழுதினார்? ஆலை கொடுத்த வைஃபையில் எழுதினார். ஆலைக்குத் தெரியாமல் எழுத முடியுமா? முடிந்தது! குறியாக்கம் காத்தது. அவர் கைபேசியில் பூட்டிய சொல் என் கைபேசியில்தான் திறந்தது. செய்தி போவது ஆலைக்குத் தெரியலாம். சேதி என்னவென்று தெரியாது.

புகாரை எழுதிக் கொடுத்தோம். விசாரணைக் குழு நாள் குறித்தது. புகார் கொடுத்தவர் வராவிட்டால் புகாரே தள்ளுபடி ஆகிவிடலாம். முந்தின நாள், ஊரில் வீட்டிலிருந்த சுகன்யாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. விசாரணை தள்ளிவைப்பு, வர வேண்டாம் என்றது அதிலிருந்த கடிதம். கீழே என் பெயர், என் முத்திரை, அச்சு அசலாய் என் கையெழுத்து! வக்கீலே சொன்ன பிறகு ஏன் போக வேண்டும் என்று தடுத்தார் தாயார் அய்யம்மாள். சுகன்யாவின் கண் கலங்கியது; கருத்து கலங்கவில்லை. நான் அனுப்பும் கடிதத்தில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும், சரிபார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தேன். பார்த்தார். டிஜிட்டல் கையொப்பமே இல்லை. இருந்தது என் கையெழுத்தின் வெறும் படம்.

உடனே என்னை அழைத்தார். "அக்கா, நாளைக்கு நான் வரவா, வேணாமா?"

"நான் எதுவும் அனுப்பலம்மா. கெளம்பி வா."

"வாரேன்க்கா."

டிஜிட்டல் சான்றிதழ் என்பது என்ன? இந்தக் கையொப்பம் இன்னாருடையது என்று, ஆளைச் சரிபார்த்து, உரிமம் பெற்ற நிறுவனம் தரும் உறுதி. கையெழுத்தைப் படம் பிடிக்கலாம். அந்த உறுதியைப் படம் பிடிக்க முடியுமா? கையொப்பமிட்ட கடிதத்தில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அங்கே நிற்கும் அண்ணன், வெப்சைட்டில் பூட்டுப் படம் தெரிந்தால் போதுமா என்கிறார். போதாது அண்ணே. நடுவழியில் எவரும் ஒட்டுக் கேட்கவில்லை என்று பூட்டு சொல்லும். எதிரே இருப்பவர் யோக்கியர் என்று சொல்லாது. முகவரியில் இருக்கும் பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

மறுநாள் விசாரணைக்குச் சுகன்யா வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் நிர்வாகத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாட்சியம் தொடங்கியதும் அவர்களில் ஒருவர், ஒளிக்க ஒன்றுமில்லாத பெண் எதற்குப் பூட்டிய செய்தி அனுப்பினாள் என்று ஏளனமாய்க் கேட்டார்.

சுகன்யா நிமிர்ந்தார். "ஒளிக்க எதுவும் இல்லங்கய்யா. சொல்லத்தான் இருந்துச்சு. யார்ட்ட சொல்லணும்னு நான்தான முடிவு பண்ணணும்?"

புகார் உண்மை என்று குழு முடிவு சொன்னது. அந்த மேற்பார்வையாளர் இன்று வேலையில் இல்லை. போலிக் கடிதத்தின் மீது காவல்துறை வழக்கு நடக்கிறது.

தாய்மார்களே, தோழியரே! உங்கள் சொல்லுக்கு உரிமையாளர் யார்? ஆலையா? அதிகாரியா? வீட்டு ஆண்களா? நீங்கள்! நீங்கள் மட்டுமே! பூட்டப் பழகுங்கள், சரிபார்க்கப் பழகுங்கள், பயமின்றிப் பேசுங்கள்!

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும், தன் கதையைத் தந்த சுகன்யாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.