மந்தையில் வெத்தலை எடுக்காத ஊர்

முன்னொரு காலத்துலயாம். இந்தா நீங்க நிக்கிறீகளே, இதே நெடுங்கரைப்பட்டி மந்தையில, ஊர் கூடுற இந்தப் பொட்டல்ல. இந்த ஏரி, அதான் எங்க கம்மா, நெறஞ்சு மறுகால் பாஞ்ச காலம். அப்ப இந்த ஊருக்கு ஒரு அம்பலம் இருந்தாராம். பெரிய உடையணன்னு பேரு. எங்க பூட்டனுக்கும் பூட்டன். ஊருல என்ன வழக்குன்னாலும் அவரு முன்னாலதான் வரணும்.

அட, வேலி வழக்கோட வந்தவுக ரெண்டு பேரும் அந்தக் கல்லுல உக்காருங்கய்யா. கூச்சப்படாதீக. இங்க வழக்குக் கொண்டாந்தவுக உக்காரணும், தீர்ப்புச் சொல்றவுக நிக்கணும். அந்த வெத்தலைப் பையை மடியிலயே வைங்க, வெளிய எடுக்காதீக. தவணை கேக்கப் போறோம்னு சொன்னீகல்ல? பெரியப்பா வரலை, அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்னு? கேளுங்க, உங்க இஷ்டம். அம்பலம் வர்றதுக்குள்ள இதைக் கேட்டுட்டு அப்புறம் கேளுங்க.

பெரிய உடையணன் நல்ல மனுசனாம். கை நீட்டி ஒண்ணு வாங்குனதில்லை. சொந்தக்காரன், அசலூரான்னு பாத்ததில்லை. அதுதான் வினையே. கெட்டவனா இருந்திருந்தா ஊரே சேந்து எறக்கி விட்டிருக்கும். இவரு எல்லாத்தையும் முறைப்படி செய்யணும்னு நிக்கிறவரு. ஊருல அஞ்சு கரை. கரைன்னா ஒரு வம்சம்னு வச்சுக்கங்க. கரைக்கு ஒரு பெரியாளு. அஞ்சு பெரியாளும் வந்து உக்காந்தாத்தான் வழக்கு. ஒருத்தர் வரலைன்னாலும் அடுத்த அமாவாசைக்குத் தவணை.

தவணைன்னா சும்மா வாயால சொல்றதில்லை. அம்பலம் பையில கைய விட்டு ஒரு வெத்தலைய எடுத்து வழக்காளி கையில குடுப்பாரு. அடுத்த தவணைக்கு வரும்போது அந்த வெத்தலையக் கொண்டாந்து காட்டணும். காட்டுனாத்தான் வழக்கு உசுரோட இருக்குன்னு அர்த்தம். வெத்தலை காஞ்சிருக்கும். காஞ்சா என்ன, வழக்குக் காயலைல்லன்னு சிரிப்பாகளாம். நல்லாத்தான் சிரிச்சிருக்காக.

அந்த ஊருல வயிரன்னு ஒரு கீதாரி இருந்தானாம். ஆடு மேய்ச்சுப் பொழைக்கிறவன். பொண்டாட்டி பேரு மீனாள். ஒரு நாள் விடியக்காலம் பாத்தா கம்மாத் தண்ணி பூராம் மடை வழியா ஓடிப்போச்சு. ஊரே வாயில வயித்துல அடிச்சுக்கிருச்சு. அந்த நேரத்துல மடைக்குப் பக்கத்துல ஆட்டோட நின்னது வயிரன். போதாதா? "இவன்தான் மடையத் தொறந்து விட்டான்"னு ஒருத்தன் சொன்னான். ஒம்பது பேரு ஆமான்னாக.

அவன் கும்பிட்டானாம். "சாமி, ஆட்டுக்குத் தண்ணி காட்ட வந்தேன். நான் மடையத் தொடலை. எறங்கிப் பாருங்க சாமி, எறங்கிப் பாருங்க."

எறங்கிப் பாத்திருக்கலாம்ல? பாக்கலை. ஏன்? மடைக்குள்ள எறங்கணும்னா அஞ்சு கரைப் பெரியாளுகளும் சேந்து கம்மா மேட்டுல நிக்கணும்கிறது முறை. ஒரு கரை மட்டும் எறங்குனா நாளைக்கு இன்னொரு கரை, நீதான் மடையக் கெடுத்தேன்னு சொல்லுமாம். அன்னைக்குப் பாத்து சேவுகன்னு ஒரு பெரியாளு சம்பந்தி வீட்டுக்குப் போயிட்டாரு. சரி, அடுத்த அமாவாசைக்குன்னாக.

தீர்ப்பு வர்ற வரைக்கும் குத்தஞ்சாட்டப்பட்டவன் ஊருக்குள்ள இருக்கக் கூடாது. அதுவும் முறை. கம்மாவுக்கு அங்கிட்டு எல்லைக் கல்லு தெரியுதா? அதுக்கு அந்தப் பக்கம் போயி இருக்கணும். யாரும் பேசக் கூடாது. நெருப்பு, தண்ணி குடுக்கக் கூடாது. கட்டுன பொண்டாட்டியும் போகக் கூடாது. போனா வழக்கு தீட்டாயிருமாம். வயிரன் ஒரு பனையோலைக் குடிசை போட்டுக்கிட்டு அங்கன கெடந்தான்.

மீனாளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். சாயந்தரம் அங்கிட்டுப் புகை எழும்பும். அவன் கஞ்சி காச்சுறான், உசுரோட இருக்கான். இங்கிட்டு இதே மந்தையில நின்னு அந்தப் புகையப் பாப்பா. பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போயி அவ அடுப்பைப் பத்தவைப்பா.

அமாவாசை வந்துச்சு. மீனாள் வந்தா. நின்னா. கேட்டா. ஒரு பெரியாளு வீட்டுல எழவு. இந்தா வெத்தலை, போயிட்டு வா.

அடுத்த அமாவாசை வந்துச்சு. மீனாள் வந்தா. நின்னா. கேட்டா. ஒரு பெரியாளு பேத்திக்குக் காது குத்து. இந்தா வெத்தலை, போயிட்டு வா.

அதுக்கடுத்த அமாவாசை அஞ்சு பேரும் வந்துட்டாக. அப்பாடான்னு மீனாள் மூச்சு விட்டா. அங்க பாத்தா, முதல்ல சந்தனம் எந்தக் கரைக்குன்னு பெரியாளுகளுக்குள்ள சண்டை. ரெண்டு பேரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. இந்தா வெத்தலை, போயிட்டு வா. ஒருத்தன் உசுரு அங்க எல்லைக் கல்லுக்கிட்டக் கெடக்கு, இவுகளுக்குச் சந்தனம் கேக்குது! எனக்கு இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

மழை பேஞ்சு கம்மா திரும்ப நெறஞ்சிருச்சு. இனி மடைய எங்க பாக்க? தண்ணி வத்தட்டும்னாக. மீனாள் அம்பலம் கால்ல விழுந்து ஒரு வார்த்தை சொன்னாளாம். அதை எங்க வீட்டுல இன்னமும் சொல்லுவாக.

"அய்யா, அவரு தொறந்தாருன்னே சொல்லிருங்கய்யா. என்ன தண்டனையோ குடுங்க, பட்டுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இல்லை, தொறக்கலைன்னு சொல்லுங்க, இப்பயே கூட்டிட்டுப் போறேன். ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லுங்கய்யா."

உடையணன் என்ன சொன்னாராம் தெரியுமா? "அவசரப்பட்டா நாயம் கெட்டுரும் தாயி." சொல்லிட்டு வெத்தலைய எடுத்துக் குடுத்தாரு. அவளும் வாங்கிக்கிட்டுப் போனா. காஞ்ச வெத்தலையெல்லாம் நாருல கோத்துக் கூரை எறவாணத்துல கட்டி வச்சிருந்தாளாம். காத்தடிச்சா சலசலன்னு சத்தம் கேக்குமாம்.

ஒரு அமாவாசை வந்துச்சு. மீனாள் ஓடி வந்தா. நிக்கலை, கேக்கலை. அலறுனா. "அய்யா, நேத்துப் புகை வரலை! முந்தா நாளும் வரலை! யாராச்சும் போயிப் பாருங்கய்யா!"

உடையணன் எல்லைக் கல்லுப் பக்கம் பாத்தாரு. அவருக்கும் மனசு பதறிருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனாலும் திரும்பிப் பெரியாளுகளை எண்ணுனாரு. ஒருத்தர் கொறைஞ்சாரு. கை தானாப் பைக்குள்ள போச்சாம்.

மீனாள் அந்த வெத்தலைய வாங்கலை. முறையாவது மண்ணாவதுன்னு கம்மாக்கரை மேல ஓடுனா. போயிப் பாத்தா, காச்சல்ல கெடந்து செத்துப் போயிருக்கான் வயிரன். குடிதண்ணிப் பானை கவுந்து கெடந்துச்சாம். ஆடுக சுத்திப் படுத்திருந்துச்சாம்.

ஒத்தப் பொம்பளையாக் குழி தோண்டிப் பொதைச்சுட்டு ஊருக்குள்ள வந்தா. எறவாணத்துல இருந்த வெத்தலை மாலைய எடுத்தா. மந்தைக்கு வந்து அம்பலம் காலடியில வச்சா. "எல்லாத் தவணையும் திருப்பிக் குடுத்துட்டேன்யா. எண்ணிக்கங்க"ன்னா. அழுகலையாம். திரும்பிக் கம்மாக்கரை மேல ஏறி நடந்தா. அதுக்குப் பொறகு அவளைக் கண்டவுக இல்லை.

அதுல இருந்துதான் ஊருக்குச் சனி பிடிச்சுச்சு.

அடுத்த அமாவாசைக்கு வேற ஒரு வழக்கு. வரப்புத் தகராறு. வழக்கம்போல ஆள் கொறைஞ்சுச்சு. உடையணன் பையில கைய விட்டாரு. பச்சை வெத்தலை, காலையில கொடிக்கால்ல கிள்ளுனது. வெளிய எடுத்தா சருகு. இன்னொண்ணை எடுத்தாரு. அதுவும் சருகு. கையிலயே நொறுங்கிக் கொட்டிருச்சு. காத்தே இல்லை, ஆனா சலசலன்னு சத்தம் கேக்குது. யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கலை.

அது போகட்டும். சாயந்தரம் ஊருக்குள்ள பொம்பளைக அடுப்பைப் பத்தவச்சாக. தீ எரியுது, சோறு வேகுது. கூரைக்கு மேல புகை மட்டும் எழும்பலை. ஒரு வீட்டுலயும் எழும்பலை. வெளியூருக்குப் போயிட்டுத் திரும்புனவுக தூரத்துல இருந்து பாத்துட்டு, ஊரே செத்துப் போச்சுன்னு நெனச்சு ஒப்பாரி வச்சுக்கிட்டு ஓடியாந்தாகளாம். அன்னைக்குச் சோத்தை யாரும் வாயில வைக்கலை.

பங்குனியில கம்மா வத்துச்சு. உடையணன் யாருக்கும் சொல்லலை. அஞ்சு கரையையும் கூப்பிடலை. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தான் மட்டும் மடைக்குள்ள எறங்குனாரு. சேத்தை வழிச்சுப் பாத்தாரு. மடையடைக்கிற பலகை இருக்கே, அதுக்குக் கீழ்ப்பக்கம் உளுத்து ஓட்டையாக் கெடந்துச்சு. நண்டு போக வர இருந்திருக்கு. ஒருத்தனும் தொறக்கலை. தண்ணி பாரத்துக்குத் தானாப் பிச்சுக்கிட்டு ஓடியிருக்கு.

இதைப் பாக்க எவ்வளவு நேரமாச்சு? ஒரு வெத்தலை போட்டுத் துப்புற நேரம்.

அந்தச் சேத்துக்குள்ளயே உக்காந்து அழுதாராம் மனுசன். கம்மாக்கரையில போனவுக மாடுதான் மடையில மாட்டிக்கிட்டுக் கத்துதுன்னு நெனச்சாகளாம்.

மறுநாளே தமுக்கடிச்சு ஊரைக் கூட்டிட்டாரு. அமாவாசைக்குக் காத்திருக்கலை. உளுத்த பலகையத் தோள்ல வச்சுக் கொண்டாந்து மந்தையில போட்டாரு. அம்பலம் உக்கார்ற கல்லு இருக்குல்ல, இப்ப நீங்க உக்காந்திருக்கீகளே அதுதான், அதுல உக்காரலை. எதுத்தாப்புல போயி வழக்காளி நிக்கிற எடத்துல கையக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"வயிரனைக் கொன்னது யாருன்னு வழக்கு. குத்தவாளி நான். நாயம் சொல்லுங்க"ன்னாரு.

சேவுகன் தொண்டையச் செருமிக்கிட்டுச் சொன்னாராம், "அம்பலம், ஒரு கரை ஆளு இன்னும் வரலை. பெரிய விசயம். நிதானமா, அடுத்த அமாவாசைக்கு..."

உடையணன் சிரிச்சாராம். அந்தச் சிரிப்பைக் கேட்டு இடுப்புல இருந்த பிள்ளைக வீருன்னு அழுதுச்சாம். "எனக்குமா சேவுகா தவணை?"

அப்புறம் சொன்னாரு. "வந்தவுக போதும். வராதவுகளுக்கு நாயம் காத்திருக்காது. நீங்க யாரும் உக்காரவும் கூடாது. உக்காந்தாத்தானே நாளைக்குன்னு தோணுது? நின்னுக்கிட்டே சொல்லுங்க. சொல்லாம மந்தைய விட்டு நகரக் கூடாது."

"நாங்களா நிக்கிறது?"ன்னு ஒரு பெரியாளு கேட்டாரு. கூட்டத்துல இருந்து சேவுகன் பொண்டாட்டி சத்தம் போட்டா. "ஆமா, நில்லுங்க! நீங்க நாயம் சொல்ற வரைக்கும் எங்க வீட்டுல அடுப்பு எரியாது. எரிஞ்சும் என்னத்துக்கு, புகையத்தான் அவ கொண்டு போயிட்டாளே!" மத்தப் பொம்பளைகளும் வீட்டுக்கு ஓடி அடுப்புல தண்ணிய ஊத்திட்டு வந்து நின்னாக.

நின்னாக. வெயில் ஏறுச்சு, நின்னாக. கால் கடுத்துச்சு, நின்னாக. பிள்ளைக பசியில கத்துச்சு. பொழுது சாய முந்தி சேவுகனே சொல்லிட்டாரு. "குத்தந்தான் அம்பலம். உங்க மேலயும் குத்தம், எங்க மேலயும் குத்தம். நீங்க தலை. அதனால வயிரன் கெடந்த எடத்துல நீங்க கெடக்கணும்."

உடையணன் கும்பிட்டுக்கிட்டாரு. "இதைச் சொல்ல ஒரு பகல் போதும்ல? இனிமே எந்த வழக்குக்கும் இதான் கணக்கு. நாயம் சொல்ற வரைக்கும் எவனையும் எல்லைக்கு அங்கிட்டுத் தள்ளக் கூடாது. அவன் அவன் வீட்டுலதான் படுக்கணும்." சொல்லிட்டு வெத்தலைப் பையக் கழட்டி மந்தையிலயே குழி தோண்டிப் பொதைச்சாரு. நடந்து போயி அந்தக் குடிசையில உக்காந்தாரு.

கொஞ்ச நேரங் கழிச்சு அங்கிட்டுப் புகை எழும்புச்சாம். அதைப் பாத்துட்டு இங்க பொம்பளைக அடுப்பை மூட்டுனாக. கூரைக்கு மேல புகை எழும்புச்சு. ஊரே நின்னு தன் புகையத் தானே பாத்து அழுதுச்சாம்.

வருசக்கணக்கா அங்கனயே இருந்தாரு. மகன் போயிக் கூப்பிட்டும் வரலை. ஒரு சாயந்தரம் புகை வரலை. அன்னைக்கு எவனும் எந்தக் கரைக்கும் காத்திருக்கலை. ஊரே கம்மாக்கரை மேல விழுந்தடிச்சு ஓடுச்சு. போயிச் சேரும்போது உசுரு இருந்துச்சு. தண்ணி குடுத்தாக, குடிச்சாரு. அவுகளுக்குப் பின்னால யாரையோ பாத்தாராம். "வந்துட்டியா தாயி"ன்னாராம். "கல்லுல உக்காரச் சொல்லுங்க, நின்னு நின்னு அவளுக்குக் கால் கடுத்திருக்கும்"னாராம். அதோட போயிட்டாரு.

சில பேரு அவரைச் சாமிம்பாக. நான் சொல்ல மாட்டேன். அவரு என் ரத்தம், அதனாலயே சொல்ல மாட்டேன். ஒரு உசுரு போயி, ஒருத்தி காணாமப் போன பொறகு வந்த புத்தி அது. மீனாளுக்கு என்ன கெடைச்சுச்சு? இந்தக் கல்லுக்கு மீனாள் கல்லுன்னு பேரு கெடைச்சுச்சு. அம்புட்டுத்தான்.

அதான் இந்த மந்தையில வெத்தலை எடுக்க மாட்டோம். கல்யாணமே நடந்தாலும் தாம்பூலத்தை அங்கிட்டுக் கோயில் வாசல்ல வச்சுத்தான் குடுப்போம். இங்க வழக்குன்னா தீர்ப்புச் சொல்ற வரைக்கும் ஊருல அடுப்புப் பத்தவைக்க மாட்டாக.

ஊருப் பக்கம் திரும்பிப் பாருங்க. எந்தக் கூரையிலயாச்சும் புகை தெரியுதா? உங்க ரெண்டு பேரு வேலித் தகராறுக்காக இம்புட்டு வீட்டுப் பிள்ளைகளும் வெறும் வயித்தோட இருக்கு.

அந்தா அம்பலம் வர்றாரு. இனி நீங்க தீர்ப்பு வாங்கி எந்திரிக்கிற வரைக்கும் அவரு உக்கார மாட்டாரு. தவணை வேணும்னா அவருக்கிட்டயே கேளுங்க. அங்கிட்டு, எல்லைக் கல்லுப் பக்கமாப் பாத்துக்கிட்டுக் கேளுங்க.