பையை அடுக்கியது யார்?

"ஹலோ... டேய், நான்தான்... ஆமாம், ஆமாம், வீட்லதான் இருக்கேன். காய்ச்சல், லீவ் போட்டுட்டேன்... மாத்திரை எல்லாம் போட்டாச்சு. அதை விடு. ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம பதில் சொல்லு. என் கேம்ல யார்டா கை வச்சது?"

பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலை அவளுக்கு. வலி எந்தப் பல்லில் என்று கேட்டுக் கேட்டு, யாரைப் பார்த்தாலும் சந்தேகமாகவே கேட்கப் பழகிவிட்டாள். போர்வைக்குள் கால், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், அந்தப் பக்கம் தம்பி. கையில் அந்தச் சின்ன கேம் செட். பள்ளி நாட்களில் அவளும் தம்பியும் ஒரே செட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு விளையாடுவார்கள். அவள் நடத்துவாள், அவன் அடிப்பான். அதுதான் ஒப்பந்தம்.

"எந்த கேமா? தெரியாத மாதிரி கேக்காதே. வாளைத் தூக்கிட்டு ஊர் ஊரா நடக்குமே... ஆமாம், உன் பட்டப்பேரைத்தான் வச்சோம். உருண்டை. அந்த உருண்டையேதான். கல்யாணத்துக்கு முன்னாடி அவனைப் பாலைவனத்துக் கிணத்தடியில நிறுத்தி சேவ் பண்ணி வச்சேன். இன்னைக்குத் திறந்தா, பனிமலை உச்சியில, கடைசிக் கோட்டைக் கதவுக்கு முன்னாடி நிக்கறான்!... தானா நடந்து போயிட்டானா? போன மாசம் இங்க வந்து தங்கினியே, நீதானே?... சத்தியமா? யார் மேல?... என் மேல வேண்டாம், உன் கடை மேல பண்ணு... ம். பண்ணிட்டே."

அவள் நம்பவில்லை. கடை மேல் சத்தியம் செய்யத் தம்பி இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே அவளுக்கு உறுத்தியது.

"சரி, இதைச் சொல்லு. இதோட சார்ஜர் எப்பவோ செத்துப்போச்சு. இப்ப சார்ஜ் முழுசா நிக்குது. நம்ம குடும்பத்துல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கறது யாரு, நானா?... யாருக்கோ ஒண்ணு கொடுத்தியா? யாருக்கு?... ஏன்டா இருமறே? காய்ச்சல் எனக்கு."

"இரு, பேசாதே. உருண்டையோட பையைத் திறந்து பாக்கறேன்... ஐயோ. இது நீ இல்ல. கண்டிப்பா நீ இல்ல... ரொம்ப சந்தோஷப்படாதே, கேளு. நம்ம பை எப்படி இருக்கும்? மருந்து பாட்டிலுக்கு நடுவுல வாள், வாளுக்கு அடியில சாவி. மருந்தைத் தேடித் தேடியே எத்தனை தடவை செத்திருக்கோம்! இப்ப மருந்து ஒரு பக்கம், ஆயுதம் ஒரு பக்கம், சாவி தனியா. மூலிகையிலகூட, வாடப் போறது முன்னாடி, புதுசு பின்னாடி. கேம்ல போய் எவனாவது இப்படி அடுக்குவானா?"

கேட்ட கையோடு அவள் சமையலறையைப் பார்த்தாள். அலமாரியில் டப்பாக்கள். பழையது முன்னால், புதியது பின்னால். அவள் கணவர் மருந்துக் கிடங்கில் சரக்குக் காப்பாளர். கல்யாணமான புதிதில் அந்த வரிசையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

"உங்க மாமாடா... அவரேதான். சின்னப் பசங்க சமாச்சாரம்னு கிண்டல் பண்ணுவாரே, அவரே... விளையாடட்டும், யார் வேண்டாம்னா? எப்ப விளையாடறார்? ராத்திரி படுத்தா குறட்டை. ஞாயித்துக்கிழமை பூரா என்கூட. இங்க சேவ் பண்ணின நேரம் போட்டிருக்கு. எல்லாம் வேலை நாள், எல்லாம் பட்டப்பகல். கிடங்குல நின்னுக்கிட்டு யாராவது..."

"ஹலோ?... இருக்கியா?... வெயிலைப் பத்தி நான் கேக்கல. பேச்சை மாத்தாதே. உங்க மாமா வேலைக்குப் போறாரா, இல்லையா?"

அவள் போனைக் கையில் எடுத்துக் காதோடு அழுத்தினாள்.

"...எப்பலேர்ந்து?... அவ்வளவு நாளாவா! இவரை மட்டுமா நிறுத்தினாங்க?... கிடங்கையே மூடிட்டாங்களா. ம்... ம்... தினம் சாப்பாடு கட்டிக் கொடுக்கறேனேடா! லேட்டாச்சு, லேட்டாச்சுன்னு ஓடறாரே, எங்க போய் உக்கார்றார்?... உன் கடை மாடியிலயா? நீயும் கூட்டா?... அவர் சொல்லாதேன்னா சொல்லாம இருப்பியா? உனக்கு அக்கா நானா, அவரா?... போதும், போதும், மூக்கை உறிஞ்சாதே... என்ன, இன்னைக்கு இன்டர்வியூவா? அதான் செட்டை வீட்ல விட்டுட்டுப் போனாரா... என்ன ஆச்சாம்?... உனக்கும் தெரியாதா."

"இரு, கேட் சத்தம். வந்துட்டார். மூச்சு விடாதே."

அவள் போனைப் போர்வை மேல் வைத்தாள்.

"வாங்க. என்ன, இவ்வளவு சீக்கிரம்?... ஓ. கிடங்குல வேலை கம்மியா. ம்."

முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு அவர் சொன்ன அந்தப் பொய், வேலை போன செய்தியைவிட அவளை அதிகமாகச் சுட்டது. அவர் உடம்பில் விசேஷத்துக்குப் போடும் சட்டை. அவள் செட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்தப் பையை அடுக்கினது யாருங்க?"

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன அவளுக்கு. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை.

"...வேலை கிடைக்கலையா?... சரி, போகட்டும். என்கிட்ட சொல்லக்கூடாதா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?... பேசுங்க. இதையாவது சொல்லுங்க. இவ்வளவு தூரம் கொண்டாந்துட்டு, கடைசிக் கதவைத் திறக்காம ஏன் நிறுத்தினீங்க?... என்னது?... கேம் முடிஞ்சுட்டா, நாளைக்குக் காலையில எங்க போறதுன்னு தோணிச்சா?"

அவள் போர்வையை ஒதுக்கி இடம் விட்டாள்.

"கிட்ட வாங்க. அந்தப் பக்கத்தைப் பிடிங்க. நான் நடத்தறேன், நீங்க அடிங்க... முடியட்டுமே. நாளைக்கு எங்கயும் போக வேண்டாம், இங்கயே இருங்க."

"டேய், இன்னும் லைன்லயா இருக்கே? உன்னை அப்பறம் கவனிச்சுக்கறேன். வை போனை."