சிவப்புத் துண்டு

முகம் துடைத்துக்கொள்ள என் துண்டைக் கொடுத்தால் நல்லது, ஐயா. மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் அந்தச் சிவப்புத் துண்டுதான். இந்த அறையில் காற்றே வரவில்லை.

நெட்டுக்குப்பத்தில் திருமுருகன் என்றால் எல்லோருக்கும் என் துண்டுதான் நினைவுக்கு வரும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடப்பதால் படகுகள் நினைத்த நேரத்தில் உள்ளே வர முடியாது. கரையில் ஒருவன் நின்று அலையைப் பார்த்துச் சொல்லவேண்டும். துண்டைத் தாழ்த்திப் பிடித்தால் பொறு. தலைக்குமேல் சுழற்றினால் வா. படகை ஓட்டுகிறவன் பின்னால் வரும் அலையைத் திரும்பிப் பார்க்கமாட்டான். துண்டை மட்டுமே பார்ப்பான். பதினெட்டு வருஷமாக அது என் வேலை. என் தவறால் ஒரு படகும் கவிழ்ந்ததில்லை.

போன வருஷம் என் மகன் தீபன் ராமதாசின் படகில் போனான், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தவறி விழுந்துவிட்டான், மூன்று மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடினோம் என்றான் ராமதாஸ். பந்தலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடலுக்கு இன்னா நாயம் கீது மாமு? அதுக்கு யாரு பூட்டாலும் ஒண்ணுதான். மனச தேத்திக்கோ," என்றான். நானும் தலையாட்டினேன்.

கருமாதி முடிந்த பிறகு ராமதாசின் மகன் மணி என் வீட்டுக்கு வந்தான். அன்று அவனும் அதே படகில் இருந்தவன். வாசலில் நின்றபடியே அழுதான்.

"நாங்க தேடவேயில்ல மாமா. வல நெறைய மீனு. மொதல்ல வலைய இஸ்துக்கலாம்னு நைனா சொல்லிச்சு. தீபன் கைய தூக்கிக்கினே இருந்தான்."

அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினேன். நல்ல பையன். அதை நான் மறுக்கவில்லை.

அதன்பின் நிறைய யோசித்தேன். முகத்துவாரத்தில் இயந்திரம் வைத்து மணலை அள்ளுகிறார்கள். அடுத்த மழைக்குள் அதே மணல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெறுகிறோம், வளர்க்கிறோம், கடல் கொண்டுபோகிறது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல யாருமில்லை. ராமதாஸ் சொன்னது சரிதான், எதற்கும் ஓர் அர்த்தமும் இல்லை என்று புரிந்தபோது மனம் லேசாகிவிட்டது. இப்போது கோபம்கூட இல்லை, ஐயா.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மணி படகைக் கொண்டுவந்தான். ராமதாஸ் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், கடலுக்கு முதுகு காட்டி, வலையைச் சரிபார்த்துக்கொண்டு. நான் நிற்கும்போது யாரும் கடலைப் பார்ப்பதில்லை. மணிக்குப் பின்னால் பெரிய அலைகள் வரிசையாக வந்தன. அவை கிட்டே வரும்வரை காத்திருந்து, துண்டைத் தலைக்குமேல் சுழற்றினேன். மணி சிரித்துக்கொண்டே என்ஜினை முடுக்கினான். படகு கவிழ்ந்ததும் கூட இருந்த இரண்டு பேர் நீந்திக் கரையேறிவிட்டார்கள். ஏறாமல் போயிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

மணியைக் கொண்டுவந்து கிடத்தியபோது ராமதாசின் கையைப் பிடித்து, அவன் எனக்குச் சொன்னதையே ஒரு சொல் மாறாமல் சொன்னேன். அவனுக்கு உறைக்கும் என்று முகத்தையே பார்த்தேன். அவனோ என் தோளில் சாய்ந்துகொண்டான். "இனிமே எனக்கு நீதான் மாமு," என்றான். நேற்றுகூட அவன் வீட்டிலிருந்து எனக்குச் சோறு வந்தது.

அதனால்தான் நானாகவே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். வருந்தி வரவில்லை. எதற்கும் அர்த்தமில்லை என்று சொன்னேனே, அதில் மாற்றமில்லை. மணியைக் கொன்றது நான். தெரிந்தே கொன்றேன். எழுதி முடித்ததும் ராமதாசை வரவழைத்து, என் எதிரில் நிற்கவைத்து, இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்போது அவன் முகத்தை நான் பார்க்கவேண்டும்.