ஈரலுக்கு ரெண்டு ஸ்பூன்

— கிட்ட வராத. வாயைத் திறந்தாலே நாறுது. கரும்புச் சாராயம்னு எனக்குத் தெரியாதா?

— ஒரே ஒரு கிளாஸ்தான், ஒதீலியா.

— ஏழு வருஷம் தொடாம இருந்த மனுசன்! குடிய விட்டவங்க கூட்டத்துல ஏழு வருஷம்னு பொறிச்ச அந்த வில்லைய உன் கையில குடுத்தப்போ நான் அழுதேன்யா. இப்ப அது எங்க?

— திருப்பிக் குடுத்துட்டேன். குடிச்சவன் வச்சிருக்கக் கூடாதுல்ல.

— பெரிய நேர்மை! ஈரல் கல்லா இறுகிட்டு வருதுன்னு பெலோ ஹொரிசோண்டே ஊரு டாக்டர் படம் காட்டினாரே, கிளாஸத் தூக்குறப்போ அது ஞாபகம் வரலையா?

— அம்மா, மெதுவா. அப்பா, நீங்க உக்காருங்க.

— நீ சும்மா இரு ரோசெலி. கல்யாணத்தன்னைக்கே உங்கப்பா என்னைத் தேடல, பாட்டிலத்தான் தேடினாரு.

— ரோசெலி, நீயாவது கேளும்மா. தினமும் சாராயக் கடையத் தாண்டித்தான் தேனீப் பெட்டிக்குப் போறேன். ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல. இந்தக் குளிர்காலத்துல இருந்துதான், காலையில காபி குடிச்சதும் நாக்கு ஊறுது. உடம்பு பூரா கேக்குது. அபரெசிதா மாதா மேல சத்தியம், ஏன்னு எனக்கே புரியல.

— போடு, காபி மேல பழியப் போடு.

— பழி இல்ல. காபியே இப்ப கசக்குது. தொண்டையில சுள்ளுன்னு எறங்குது. புதுக் கொட்டை, அப்படித்தான் இருக்கும்னு நீதான சொன்ன?

— அம்மா? ஏன் மொகம் இப்படிப் போகுது? காபியில என்ன போட்ட?

— மருந்துதான்டீ. நம்ம தேனீ பெட்டி இடுக்கை அடைக்குதே, அந்தப் பச்சைப் பிசின். புரோபோலிஸ். ஜப்பான்காரன் கப்பல் வச்சு வாங்குறான். தேனீ வளக்குறவங்க சங்கத்துல பேச வந்த பொண்ணு சொன்னாள்ல, விஷம் ஏத்துன எலிக்கு இதைக் குடுத்தா ஈரல் அவ்வளவா கெடலையாம்.

— எலிக்கு, அம்மா. மனுசனுக்கு இன்னும் தெரியலன்னும் சொன்னா. டாக்டரக் கேக்காம குடுக்காதீங்கன்னும் சொன்னா.

— கேட்டா குடிப்பாரா? மாத்திரையவே மறக்குற ஆளு. அதான் சொல்லாம ஊத்துனேன். தினம் ரெண்டு ஸ்பூன்.

— பிசின் சும்மா தண்ணியில கரையாதே, ஒதீலியா. எதுல ஊறப்போட்ட? சொல்லு.

— கரும்புச் சாராயத்துல. எல்லாரும் அதுலதானேய்யா போடுறாங்க... உன் ஈரல் நிக்கணும்னுதான்யா...

— அந்த வில்லையத் திருப்பி வச்சப்போ, என்னைய நானே நாயேன்னு திட்டிக்கிட்டு வந்தேன், ஒதீலியா.

— படிக்கிறவங்களே, நான்தான் ரோசெலி. சாராயம் இல்லாம பிசின் எடுக்க வழி இருக்கான்னு கேக்கச் சொல்லி அம்மா அழுவுறா. அதை நான் டாக்டர்கிட்டயே கேட்டுக்குறேன். உங்ககிட்ட கேக்குறது வேற. அப்பா மறுபடி கூட்டத்துக்குப் போறாரு, குடிக்கல. ஆனா அம்மா போட்ட காபியத் தொடுறதில்ல, தானே போட்டுக் குடிக்கிறாரு. அம்மா தினம் ரெண்டு கப் வச்சு, ஒண்ணக் கீழ ஊத்துறா. உங்க வீட்ல இப்படி ஏதாச்சும் நடந்து, அந்த ரெண்டாவது கப்பை மறுபடி எடுத்துக் குடிச்சவங்க யாராச்சும் இருந்தா, எப்படின்னு ஒரு வரி பதில் போடுங்க.