அடுக்குக்கு ஒரே வெட்டு

உட்காருங்கள் வக்கீலம்மா. இந்த ஜெயிலில் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிற அறை இது ஒன்றுதான். அப்பீல் போட முடியுமா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். நடந்ததை மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வளவளப் பேச்சு பிடிக்காது.

பெயர் பொங்கியண்ணன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை மேசைமேல் அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்து, கத்தி மெஷினை ஓட்டினால் அத்தனை அடுக்கும் ஒன்றாக வெட்டுப்படும். கை நடுங்கினால் எல்லாம் பாழ். எனக்கு நடுங்கியதில்லை.

முதல் தடவை உள்ளே போனது அவிநாசித் தேர் அன்று நடந்த அடிதடிக்கு. ஒருவன் தாடையை உடைத்தேன். தடுக்க வந்தவனுக்குக் காது கிழிந்தது. நீதிபதி தாடைக்கு மூன்று வருடம், காதுக்கு இரண்டு, மிரட்டியதற்கு ஒன்று என்று வாசித்தார். ஆறு வருடம் என்று விரல்விட்டுக் கூட்டினேன். கடைசியில், ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்றார். என் வக்கீல் சிவராஜ் தோளைத் தட்டினார்.

"பயப்படாதீங்கண்ணா. நீங்க துணிய அடுக்கி வெட்டறதில்லீங்களா, அதேதானுங்க. மூணும் ஒண்ணாவே ஓடும். பெருசு எதுவோ அதை இருந்துட்டு ஊடு வந்து சேருங்க."

அப்படியே வந்தேன். காது கிழிந்தவனுக்காக நான் தனியாக ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. அது மனதில் நின்றுவிட்டது.

பிறகு ஒழுங்காகத்தான் இருந்தேன். சூப்பர்வைசர் திருமூர்த்திதான் பழசைத் தோண்டினான். தையல் பெண்கள் முன்னால் "ஜெயில் மாஸ்டர்" என்று கூப்பிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசர ஆர்டர், கம்பெனியில் நாங்கள் இருவர் மட்டும். அளவு தப்பிவிட்டது என்று கத்தினான். தப்பவில்லை. செருப்பைக் கழற்றி என் வாயில் அடித்தான். கையில் பெரிய கத்தரி இருந்தது; அவன் கழுத்தில் இறக்கினேன். விரித்திருந்த வெள்ளைத் துணிமேல் விழுந்தான். கால்கள் கொஞ்ச நேரம் உதைத்தன. நல்ல துணி வீணாகிறதே என்று நினைத்தேன்.

திரும்பினால் வாசலில் அவன் மனைவி சாரதாமணி, சாப்பாட்டுப் போசியோடு. தங்கமான பெண். எனக்கும் சேர்த்துத்தான் கொண்டுவருவாள்.

"அண்ணா, என்னைய உட்டுருங்கண்ணா. மொதல்ல அடிச்சது அவருதான்னு நானே சொல்றேனுங்க. ஊட்ல புள்ளைக இருக்குதுங்க."

யோசித்தேன். ஆத்திரத்தில் எதுவும் செய்யவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இவளும் போனால் சாட்சி இல்லை. மாட்டிக்கொண்டாலும் இரண்டு கொலையும் ஏககாலம்தான். இவளால் என் தண்டனை கூடப்போவதில்லை. அதை அவளிடமும் சொன்னேன்.

"உன்னால எனக்கு ஒண்ணும் கூடப்போறதில்ல கண்ணு. பயப்படாதே."

ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஓடினாள். கதவருகே முடியைப் பிடித்து இழுத்து, அதே கத்தரியால் குத்தினேன். ஒரே குத்தில் போகவில்லை. பிள்ளைகள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் நிற்கும்வரை குத்த வேண்டியிருந்தது. கை நடுங்கவில்லை.

கை கழுவிவிட்டு அவள் கொண்டுவந்த அரிசியும்பருப்புச் சோற்றைச் சாப்பிட்டேன். சோற்றை வீணாக்கி எனக்குப் பழக்கமில்லை. போசியில் பதிந்த விரல் ரேகையை வைத்துத்தான் போலீஸ் பிடித்தது.

என் உதடு கிழிந்திருந்ததால், திருமூர்த்தி செத்தது திடீர்ச் சண்டையில் என்று நீதிபதி ஒத்துக்கொண்டார். அதற்குப் பத்து வருடம். சாரதாமணிக்கு ஆயுள். ஏககாலம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவே இல்லை. முதலில் பத்து வருடம், அது முடிந்த பிறகுதான் ஆயுள் தொடங்கும் என்றார். கெஞ்சி நின்ற பெண்ணின் உயிரை இன்னொருவன் உயிரோடு சேர்த்து அடுக்க முடியாது என்றார்.

அவளை விட்டிருந்தால் பத்து வருடத்தோடு போயிருக்குமே என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன் வக்கீலம்மா. ஒன்றன்பின் ஒன்றாகவும் ஓடும் என்று எவனாவது முன்பே சொல்லியிருந்தால் அவள் இன்று பிள்ளைகளோடு இருப்பாள். அப்பீலில் அதை முதலில் எழுதுங்கள். சாரதாமணி சாவுக்கு யாரையாவது தண்டித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்தச் சிவராஜைப் பிடித்து உள்ளே போடட்டும். எனக்கு என்னுடைய பத்து வருடம் போதும்.